அத்தையின் அளவு நோட்டு: 51 வயதில் எடை தூக்கத் தொடங்கிய 24 வாரம்

போன ஆவணியில் ஒரு கல்யாண வீடு. பந்தி தரையில், பாய் விரித்து. சாப்பிட்டு இலையை மடித்து எல்லாரும் கை கழுவப் போய்விட்டார்கள், அத்தை மட்டும் உட்கார்ந்தே இருந்தார். இன்னொரு தடவை பாயசம் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வலது கை எச்சில், அதை ஊன்ற முடியாது. இடது கையை ஊன்றிப் பார்த்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்து முட்டி போட்டுப் பார்த்தார், அடுத்த பந்திக்கு ஆட்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள், கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "ஏல, கையக் குடு" என்றார். நானும் இன்னொருவரும் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டோம். வீடு வரும்வரை அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை பேசாமல் வந்த ஆட்டோ பயணம் என் நினைவில் அது ஒன்றுதான்.

இது அந்த நாளுக்குப் பிறகு நடந்த 24 வாரத்தின் கணக்கு. நான் பயிற்சியாளர் இல்லை, ஆறு வருஷமாக எடை தூக்குகிற ஆள், அவ்வளவுதான். என்னைப் போன்ற ஆட்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எங்கே தப்பு செய்கிறோம் என்பது இதில் நன்றாகத் தெரிகிறது, ஏனென்றால் இதில் நடந்த தப்பு எல்லாமே நான் செய்தது.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். வயது 51, உயரம் 152 செ.மீ., எடை 64 கிலோ. பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் முப்பது வருஷமாகத் தையல் கடை, பெரும்பாலும் பிளவுஸ், பள்ளிக்கூட யூனிஃபார்ம் சீசனில் அதுவும். ஒரு நாளில் எட்டு மணி நேரம் மிஷினில் குனிந்தபடி. நாலு வருஷமாகச் சர்க்கரை, கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.6. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி. இரண்டு முட்டியும் மாடிப்படி இறங்கும்போது வலிக்கும். உடற்பயிற்சி என்று வாழ்க்கையில் எதுவும் செய்ததில்லை, "தண்ணிக் குடம் தூக்கினதெல்லாம் கணக்குல வராதோ?" என்று கேட்டார். வரும்தான், ஆனால் அது நின்று இருபது வருஷம் ஆகிறது.

தொடங்கும் முன் அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனோம். ரத்த அழுத்தம், ஈசிஜி, அப்புறம் கண்ணின் விழித்திரைப் பரிசோதனை. கண் எதற்கு என்று நானும் கேட்டேன். சர்க்கரையால் விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால் மூச்சை அடக்கி முக்கித் தூக்கும்போது அழுத்தம் ஏறி அங்கே கசிய வாய்ப்பு உண்டாம், ஆறு வருஷம் ஜிம்முக்குப் போயும் இது எனக்குத் தெரியாது. மூன்றும் சரியாக இருந்தன. "மூச்ச மட்டும் அடக்காம பாத்துக்கோங்க, தாராளமா பண்ணலாம்" என்றார்.

தொடக்க நிலையை அளக்க நான் எடுத்துக்கொண்டது மிக எளிய ஒரு சோதனை. 43 செ.மீ. உயர நாற்காலி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது. முதியோருக்கு இதற்கென்று அட்டவணை இருக்கிறது, 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12 முதல் 17 வரை இயல்பு. அத்தை 9. இரண்டாவது, தரையிலிருந்து எழுவது: இரண்டு கையும் ஊன்றி, அதுவும் கட்டில் காலைப் பிடித்தால்தான். இதையெல்லாம் எதில் எழுதுவது என்று நான் போனில் ஆப் தேடிக்கொண்டிருந்தபோது அத்தை பிளவுஸ் அளவு எழுதும் நீள நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி, தன் பெயரைப் போட்டு, கை சுற்று 11½, இடுப்பு 36 என்று வாடிக்கையாளர் மாதிரியே தன்னை எழுதிக்கொண்டார். கீழே, "நாற்காலி 9".

குறிக்கோள் என்ன என்று கேட்டதற்கு, "கை ஊணாம எந்திக்கணும்" என்றார். இவ்வளவு தெளிவான குறிக்கோளோடு ஜிம்முக்கு வருகிறவர்கள் குறைவு.

முதல் நாளே கெடுத்தேன். வீட்டிலேயே தொடங்கினோம், நாற்காலியில் எழுந்து உட்காருவது 15 தடவை வீதம் 3 செட், சுவரில் கை வைத்துத் தண்டால் 15 வீதம் 3 செட், இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குவது அதே கணக்கில். எடையே இல்லாமல் செய்வதுதானே என்று எனக்கு அலட்சியம். அத்தையும் அன்று சிரித்துக்கொண்டேதான் செய்தார். மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு போன்: "ஏல, கக்கூஸ்ல உக்கார முடியல." பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் வலி உடனே வராது, ஒரு நாள் கழித்துத் தொடங்கி மூன்றாவது நாள்வரை ஏறும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் 30 நொடியில் 9 தடவைதான் எழ முடிந்த ஒருவரை 45 தடவை எழுப்பினால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போடவில்லை. பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாளும் மிஷின் பெடலை மிதிக்கும்போதெல்லாம் என்னைத் திட்டினாராம்.

திரும்பத் தொடங்கியபோது 5 தடவை வீதம் 2 செட். அத்தைக்கு ஏமாற்றம், "இதுக்கா வேல மெனக்கெட்டு வந்த?" என்றார். ஆமாம், இதற்குத்தான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் நாள் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று என்னிடம் இப்போது யாராவது கேட்டால், மறுநாள் "நேற்று ஏதாவது செய்தோமா" என்று சந்தேகம் வரும் அளவுக்கு என்பேன்.

இடையில் வயதைப் பற்றிய பேச்சு வந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி, "இந்த வயசுல எலும்பு முறிஞ்சிரப் போவுது" என்று பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார். 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த சோதனையைச் சொன்னேன். சராசரி வயது 90, எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி, முடிவில் அவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. எலும்புக்கும் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வைத்து, வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம், டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் எடையைப் பிடித்து நிமிர்வது), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் தூக்கும் பிரஸ் என்று கனமான எடையையே கொடுத்துப் பார்த்தார்கள், பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கவனித்தபடி. கீழ் முதுகெலும்பில் எலும்பு அடர்த்தி கூடியது. நான் வாரம் இரண்டு நாள் என்று வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம், இன்னொரு காரணம் அத்தைக்கு அதற்கு மேல் நேரம் கிடையாது. ஆச்சிக்கு இதெல்லாம் எடுபடவில்லை. அத்தைக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது, சின்ன வயதில் ஊர்க் கோயில் முன்னால் கிடந்த இளவட்டக்கல். உருண்டையாக, வழுவழுவென்று, பிடிக்க ஓர் இடம் இருக்காது. குந்தி உட்கார்ந்து அணைத்து, மடிக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போடவேண்டும். வடலிவிளையில் பொங்கலுக்கு இப்போதும் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள், டிவியில் பார்த்திருக்கிறார். "அவளுவளும் நம்மள மாதிரிதான இருக்காளுவ" என்றார். அதோடு வயதுப் பேச்சு முடிந்தது.

நாலாவது வாரம் ஜிம். மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே ஈ காக்கை இருக்காது என்பதால் திங்கள், வியாழன் இரண்டு மணி. முதல் நாள் சேலையோடு வந்தார், மறுநாளே தனக்கு ஒரு தொளதொள பேண்டும் முழங்கை வரை கை வைத்த டாப்பும் தைத்துக்கொண்டார், துப்பட்டா கிடையாது, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்கால். காலுக்கடியில் மெத்தென்ற ஸ்போர்ட்ஸ் ஷூவைவிட வெறுந்தரை நல்லது, கால் ஆடாது. மூச்சு விஷயத்துக்கு அத்தையே வழி கண்டுபிடித்தார். தூக்கும்போது வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க முடியாது அல்லவா? நெல் அளக்கிறவர்கள் எண்ணுகிற மாதிரி, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணத் தொடங்கினார். இன்றுவரை அந்த ஜிம்மில் ஒன்று என்ற எண் அத்தைக்குக் கிடையாது.

நான்கே பயிற்சிதான். பெஞ்சில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஷோல்டர் பிரஸ், குனிந்து இழுக்கும் ரோ. டெட்லிஃப்டில் ஒரு சிக்கல் உண்டு. எடை கூட்ட ராடின் இரண்டு முனையிலும் வட்டமான பிளேட் மாட்டுவார்கள். போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதனால் ராடு தரையிலிருந்து இருபத்திரண்டரை செ.மீ. உயரத்தில் நிற்கும். சின்னப் பிளேட் மாட்டினால் ராடு கணுக்கால் கிட்டே கிடக்கும், அதை எடுக்க முதுகை வளைத்தே ஆகவேண்டும். புதிதாக வருகிறவர், தூக்குவது குறைந்த எடை, ஆனால் குனிவது எல்லாரையும்விட அதிகம். ஜிம் வாசலில் கட்டட வேலைக்குக் கிடந்த ஹாலோ பிளாக் கல் இரண்டை எடுத்து வந்து இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைத்து அதன்மேல் ராடை வைத்தோம். 20 செ.மீ. உயரம், கச்சிதம்.

இனி நான் செய்த பெரிய தப்பு. ராடு இருபது கிலோ என்று ஜிம்காரர் சொன்னார். வெறும் ராடை அத்தை எட்டு தடவை வீதம் மூன்று செட் தூக்கினார், சுலபமாக. நோட்டில் 20 என்று எழுதினோம். அங்கே இருந்ததில் சின்னப் பிளேட் இரண்டரை கிலோ, அதுவும் ஒரே ஒரு ஜோடி. இரண்டு பக்கமும் மாட்டினால் 25. அப்புறம் ஐந்து கிலோ ஜோடி, 30. ஐந்தும் இரண்டரையும், 35. ஐந்தில் இரண்டு ஜோடி, 40. நாலு வாரத்தில் 20இலிருந்து 40. நான் பெருமையாகக் குடும்ப வாட்ஸாப் குழுவில் வீடியோ போட்டேன். நடுவில் தீபாவளி வந்தது, அத்தை இரவு ஒரு மணி வரை மிஷினில் உட்கார்ந்து தைத்துவிட்டு மறுநாள் இரண்டு மணிக்கு ஜிம்முக்கு வந்தார், ஒரு வியாழன் வரவே இல்லை, நான் அட்டவணையை நிறுத்தவில்லை. ஏழாவது வாரம், 40, இரண்டாவது செட், மூன்றாவது தடவை. ராடை வைத்துவிட்டு நிமிரும்போது, "ஏல, பிடிச்சிட்டு" என்று வலது இடுப்புக்கு மேலே கையை வைத்தார்.

பெரிதாக ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்பு என்றார் டாக்டர், காலுக்கு வலி இறங்கவில்லை, மரத்துப்போகவில்லை. ஆனால் மூன்று நாள் மிஷினில் உட்கார முடியவில்லை, தீபாவளி முடிந்து வந்தது நல்ல வேளை. ஆச்சி வந்து பார்த்துவிட்டுப் போனார். என்ன சொல்லியிருப்பார் என்று எழுத வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் எடுக்கும் முடிவு, டெட்லிஃப்ட் ஆபத்து, விட்டுவிடலாம் என்பது. நானும் அதைத்தான் நினைத்தேன். அத்தை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: "நீ எவ்வளவு தூக்குவ? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கூட்டுவ?" நான் 120 தூக்குவேன், ஐந்து கிலோ கூட்டுவேன். "எனக்கும் அஞ்சுதான கூட்டுன?" என்றார்.

120இல் ஐந்து என்பது நாலு சதவீதம். 20இல் ஐந்து என்பது 25 சதவீதம். பிளவுஸ் தைக்கிற ஒருவருக்கு இது உடனே தெரிகிறது. 42 அளவில் ஓர் இஞ்ச் தப்பினால் பிரித்துத் தைக்கலாம், குழந்தைச் சட்டையில் ஓர் இஞ்ச் தப்பினால் துணி போச்சு. எனக்கு ஆறு வருஷமாகத் தெரியவில்லை, ஏனென்றால் ஜிம்மில் இருக்கும் பொருளெல்லாம் என்னைப் போன்ற உடம்புக்குச் செய்தது, எனக்கு அது உறுத்தவே இல்லை. நான் அத்தைக்குக் கொடுத்தது குறைந்த எடை, ஆனால் நான் எனக்கு ஒருநாளும் கொடுத்துக்கொள்ளாத தாவல்.

எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறைக்கு எழுத்தில் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் முட்டி அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு எடை கொடுத்துத் தேற்றினார். 1945இல் எழுதிய கட்டுரையில் அதற்கு 'கன எதிர்ப்புப் பயிற்சி' என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார். 1948இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதும்போது 'கன' போய் 'படிப்படியாகக் கூடும்' என்ற சொல் வந்துவிட்டது. எனக்கு அந்தப் பெயர் மாற்றம் ரொம்பப் பிடிக்கும். பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே நாலு வாரத்தில் இரட்டிப்பாக்கியிருக்கிறேன்.

ஒன்பதாவது வாரம் அத்தை இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பினார். ராடு உண்மையிலேயே இருபது கிலோவா? வீட்டு அரிசி மூட்டை 25 கிலோ, அதைக் கொஞ்சம் நகர்த்தவே மூச்சு வாங்குகிறது, இருபதை எப்படி முதல் நாளே எட்டு தடவை தூக்கினேன் என்று. நியாயமான கேள்வி. ஒலிம்பிக் போட்டியில் ஆண்களுக்கான ராடு 20 கிலோ, பெண்களுக்கானது 15, அது கிராம் கணக்கில் சரிபார்த்தது. நம் தெருமுனை ஜிம் ராடு எந்தப் பட்டறையில் செய்ததோ. ஜிம்காரரிடம் கேட்டு, ராடையும் பிளேட்டையும் இரண்டு கடை தள்ளி இருந்த பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் விலை பேசத் தொடங்கிவிட்டார். விற்க வரவில்லை, எடை மட்டும் பார்க்கவேண்டும் என்று சொல்லி மின்னணுத் தராசில் வைத்தால், ராடு 14 கிலோ 600 கிராம். ஐந்து கிலோ என்று வார்ப்பில் எழுதியிருந்த நாலு பிளேட்டில் ஒன்று 4.6, ஒன்று 4.8, ஒன்று 5.1, ஒன்று 5.3.

ஆக, நாற்பது என்று நோட்டில் எழுதியது உண்மையில் 34.4. அது பரவாயில்லை. ஆனால் இடுப்பு பிடித்த அன்று எடுத்த வீடியோவைப் பார்த்தால் (குழுவில் போட்ட பெருமை இதற்காவது உதவியது) ராடு வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. லேசான இரண்டு பிளேட்டும் இடப்பக்கம், கனமான இரண்டும் வலப்பக்கம் இருந்திருந்தால் 9.4க்கு 10.4, ஒரு கிலோ வித்தியாசம். எந்தப் பிளேட் எந்தப் பக்கம் இருந்தது என்று வீடியோவில் தெரியவில்லை, அதனால்தான் பிடித்தது என்று நான் சொல்லமாட்டேன். தூக்கமின்மை, இரவு ஒரு மணி வரை குனிந்து தைத்த முதுகு, என் அவசரம் எல்லாமே அங்கே இருந்தன. அன்று முதல் பிளேட்டுகளில் சாக்பீஸால் உண்மையான எடையை எழுதி ஜோடி சேர்த்து வைத்தோம், 4.8உம் 5.1உம் ஒரு ஜோடி.

இந்தத் தாவலைக் குறைக்க வழி? அரை கிலோ, ஒரு கிலோ பிளேட் ஆன்லைனில் கிடைக்கிறது, போட்டிகளிலேயே அரை கிலோ பிளேட் உண்டு, ஆனால் நான் பார்த்தவை இந்த ராடின் தடிமனுக்குப் பொருந்தாத பெரிய ஓட்டை, விலையும் எடைக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தது. அத்தை விலையைக் கேட்டுவிட்டு உள்ளே போய் என் மாமாவின் பழைய ஜீன்ஸ் பேண்டை எடுத்து வந்தார். காலைக் கத்தரித்து, உள்ளங்கை அகலத்தில் பை, இரட்டைத் தையல், உள்ளே கழுவிக் காயவைத்துச் சலித்த மணல், ராடைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க வெல்க்ரோ பட்டை. மளிகைக் கடைத் தராசில் வைத்து மணலைக் கூட்டிக் குறைத்து, 500 கிராமில் எட்டு, 250 கிராமில் இரண்டு. ஒவ்வொன்றிலும் எடையைச் சிவப்பு நூலில் எம்ப்ராய்டரி போட்டார். தொங்கவிட்டால் ஆடும், சுற்றிக் கட்டினால் ஆடாது, அதைக்கூட முதல் பையிலேயே யோசித்திருந்தார்.

பத்தாவது வாரம் டெட்லிஃப்டை 24.5க்கு இறக்கி மறுபடி தொடங்கினோம், ஐந்து தடவை வீதம் மூன்று செட், மூன்று செட்டும் நிமிர்ந்த முதுகோடு முடிந்தால் அடுத்த முறை ஒரு கிலோ. கடைசி வாரம்வரை வரவேண்டிய நாள் 30. வராதது 4, வந்தும் கூட்ட முடியாமல் போனது 3. மீதி 23 நாளும் ஒவ்வொரு கிலோ. 24ஆவது வார முடிவில் 47.5. வேகமான என் திட்டத்தில் ஏழாவது வாரம் 34இல் முடிந்த கதை இது. பார்க்கச் சலிப்பாக இருக்கும், நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 31.5, 32.5, 33.5 என்றே ஓடுகிறது, இதை வைத்து யாரும் வீடியோ போட முடியாது.

பைகள் இல்லாமல் நடந்தே இருக்காது என்று நான் உறுதியாகச் சொல்வது பிரஸ்ஸைத்தான். தலைக்கு மேல் தூக்குவது பெரும்பாலும் தோளும் கையும் செய்யும் வேலை, யாருக்கும் இதுதான் மெதுவாகக் கூடும். அத்தை இரண்டு கிலோ டம்பெல் ஜோடியில் தொடங்கி 11ஆவது வாரம்தான் வெறும் ராடை, 14.6ஐ, ஐந்து தடவை மேலே தூக்கினார். ஜிம்மில் இருந்த சின்னப் பிளேட்டை மாட்டினால் 19.6. ஒரே தாவலில் 34 சதவீதம். என்னுடைய 50 கிலோ பிரஸ்ஸில் ஒரேயடியாக 17 கிலோ கூட்டச் சொன்னால் நான் ஜிம்மையே மாற்றிவிடுவேன். 250 கிராம் பை ஜோடி மாட்டினால் 15.1. அடுத்து 15.6. எட்டு தடவை கூட்டி 24ஆவது வாரம் 18.6இல் இருந்தார். அதாவது ஜிம்முக்கு வந்து நாலரை மாதத்துக்குப் பிறகும் ஜிம்மின் முதல் படியைத் தொடவில்லை. "எனக்கு இது வராது" என்று ஜிம்மை விட்டுப்போகும் பெண்களில் பாதிப் பேருக்கு வராமல் போவது பலம் இல்லை, நடுவில் வைக்காத படிகள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஆதாரம் ஓர் அத்தைதான்.

14ஆவது வாரம் நடந்ததையும் எழுதவேண்டும், சர்க்கரை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்தும் பாக்கி பிளவுஸ், பொங்கலுக்கு வேறு தொடங்கிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு நேரே ஜிம்முக்கு வந்திருக்கிறார், காலை மாத்திரை போட்டாயிற்று. ரோ செய்து முடித்ததும் வியர்த்தது, கை நடுங்கியது. களைப்பு என்று நினைத்து நான் தண்ணீர் கொடுத்தேன். "ஏல, கண்ணு இருட்டுது" என்ற பிறகுதான் பையிலிருந்த குளுக்கோமீட்டரை எடுத்தேன், 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. டீக்கடைக்கு ஓடி மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் வாங்கி வந்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் 84. வேலை செய்யும் தசை ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸைத் தானே இழுத்துக்கொள்ளும், கிளிமிபிரைடு மாத்திரை, நாம் சோறு சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும், இரண்டும் வெறும் வயிற்றில் சேர்ந்தால் இதுதான். டாக்டர் சர்க்கரை அளவுகளைப் பார்த்துவிட்டு அந்த மாத்திரையை நிறுத்தி மெட்ஃபார்மினை மட்டும் வைத்தார். அதற்குப் பிறகு தாழ்சர்க்கரை வரவில்லை. ஆனால் எடை தூக்கத் தொடங்குகிறோம் என்று முதலில் போனபோதே, மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கண்ணைப் பற்றிக் கேட்டேன், இதைக் கேட்கவில்லை.

சாப்பாட்டில் பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. முன்பு ஒரு நாளில் அவர் சாப்பிட்ட புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் நாற்பது கிராமுக்குள்தான் வந்தது, இட்லி, சோறு, சோறு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரையே உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதன்படி 53 வேண்டும், எடை தூக்குகிறவருக்கு இன்னும் கூட. 75ஐ இலக்காக வைத்தோம். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். மாலையில் டீக்கு முறுக்குக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு 14. சாளை மீன் கிடைக்கிற நாளில் மீன். செவ்வாய், வெள்ளி, சனி கவுச்சி கிடையாது, அன்று முட்டையும் கிடையாது, பாசிப்பருப்பும் தயிரும் சோயாவும் வைத்துச் சமாளித்தோம், சோயாவை அத்தைக்குப் பிடிக்கவில்லை, ரப்பர் என்றார், அந்த மூன்று நாளும் இலக்கு எட்டியதே இல்லை. பவுடர் வாங்கலாமா என்று கேட்டேன், விலையைச் சொன்னதும் அந்தப் பேச்சு முடிந்தது.

அளவு நோட்டில் சுவாரசியமான ஒன்று. முதல் எட்டு வாரமும் கை சுற்று 11½, தொடைச் சுற்றிலும் மாற்றமில்லை, ஆனால் தூக்கும் எடை மட்டும் கூடிக்கொண்டே போனது. "சதையே போடல, எப்படித் தூக்குதேன்?" என்றார். தொடக்கத்தில் கூடுவது சதை இல்லை, மூளையும் நரம்பும் இருக்கிற சதையை முழுசாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதுதான். 1979இல் மோரிடானி, டிவ்ரீஸ் இருவரும் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள், முதல் சில வாரம் நரம்பின் பங்கு, அப்புறம்தான் தசையின் பங்கு மேலே வரும். அத்தை இஞ்ச் டேப்பை வைத்து அதே முடிவுக்கு வந்திருந்தார். 16ஆவது வாரம் கை சுற்று 11¾.

24ஆவது வாரம் எடுத்த கணக்கு: நாற்காலிச் சோதனை 15. எடை 63, ஒரே ஒரு கிலோதான் குறைந்தது, ஆனால் இடுப்பு 36இலிருந்து 34½, கை சுற்று 12, எல்லாப் பிளவுஸிலும் தானே கையைப் பிரித்து இடுப்பைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. எச்பிஏ1சி 6.8, அதுவும் ஒரு மாத்திரையை நிறுத்திய பிறகு. இதில் எடை தூக்கியதற்கு எவ்வளவு, முறுக்கை விட்டதற்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. மாடிப்படி இறங்கும்போது வரும் முட்டி வலி இடது பக்கம் போய்விட்டது, வலது பக்கம் இன்னும் இருக்கிறது.

தரையிலிருந்து எழுவது? கட்டில் காலைப் பிடிப்பதில்லை. தரையில் கை ஊன்றுவதில்லை. ஆனால் ஒரு காலை முன்னால் வைத்து, அந்த முட்டியில் ஒரு கையை அழுத்தித்தான் எழுகிறார். எச்சில் கை இல்லாத இடது கை போதும் என்பதால் பந்திக்குப் போகலாம், குறிக்கோள் நிறைவேறியது என்று நோட்டில் எழுதட்டுமா என்றேன். "முட்டியில ஊணுனா அது ஊணுறது இல்லியா?" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

பைக்கு இப்போது கிராக்கி. ஜிம்காரர் 500 கிராமில் நாலு ஜோடி கேட்டிருக்கிறார், காலை நேரத்தில் வரும் இரண்டு டீச்சர்கள் 250இல் கேட்டிருக்கிறார்கள். மணலுக்குப் பதில் சைக்கிள் கடை பால்ரஸ் போட்டால் பை இன்னும் சின்னதாகும் என்று நான் சொல்ல, ஜோடி என்ன விலைக்கு விற்பது என்று அத்தை கேட்க, அது இன்னும் முடியவில்லை. நேற்று திங்கள்கிழமை. நோட்டில் இருப்பது: டெட்லிஃப்ட் 48.5, மூன்று செட்டும் சரி. பிரஸ் 19.1, மூணாவது செட்டில் நாலுதான். வியாழன் மறுபடி 19.1.